சனிக்கிழமைத் தொப்பிக்காரன்

சாம்பல் நிறத் தொப்பிக்காரன் ஃபெராராவுக்கும் வந்துவிட்டான். ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியவன், பிளாட்பாரத் தூணுக்குப் பின்னால் போய், ஷூ லேஸைக் கட்டுகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

கலினா அவனைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ரலூக்காவின் கையைக் கிள்ளினாள்.

"பின்னால பாருடி. அதே ஆளு. ரவென்னாவுக்கு வந்தான், மாந்துவாவுக்கு வந்தான், இப்ப இங்கேயும் வந்துட்டான்."

ரலூக்கா திரும்பவில்லை. "சனிக்கிழமைன்னா நாம மட்டும்தான் ஊர் சுத்தணுமா? அவரும் சுத்திட்டுப் போறார், விடு."

"அவராம்ல, அவர்! மரியாதை வேற!"

முன்னால் போய்க்கொண்டிருந்த ஸ்பெயின்காரன் இக்கேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்ன கலினா, உன் ரசிகர் இன்னிக்கும் ஆஜரா? பாவம், ஒரு செல்ஃபியாவது எடுத்துக்கக் கூடாதா?"

"வாயை மூடிக்கிட்டு நட" என்றாள் கலினா.

கலினா பல்கேரியாக்காரி, ரலூக்கா ருமேனியாக்காரி. ஒரு வருடப் படிப்புக்காக இத்தாலியிலுள்ள பொலோன்யாவுக்கு வந்து ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தார்கள். வாரக் கடைசியில் எந்த ஊர், எந்த ரயில் என்பதையெல்லாம் ரலூக்காதான் முடிவு செய்வாள். அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டும்விடுவாள்.

அந்த ஆள் தன்னைத்தான் தொடர்கிறான் என்று கலினா முதலில் நினைத்திருந்தாள். மாந்துவாவில் வேண்டுமென்றே கூட்டத்தை விட்டு விலகி ஒரு மிட்டாய்க் கடைக்குள் நுழைந்து பார்த்தாள். அவன் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் கண் ரலூக்கா போன வழியிலேயே இருந்தது. அன்றிலிருந்து கலினாவுக்குச் சரியான தூக்கமில்லை.

"ஊருக்கே தண்டோரா போடற மாதிரி எந்த ரயில்ல போறோம்னு போட்டா, எவன் வேணா பின்னாடியே வருவான். இனிமே போடாதே."

"போடலேன்னா யாருக்கும் தெரியாமப் போயிடுமே" என்றாள் ரலூக்கா.

"போலீஸ்ல சொல்லிடலாமா?"

"ஐயோ, அதெல்லாம் வேணாம்!" ரலூக்காவின் குரல் சட்டென்று உயர்ந்தது. பிறகு தணிந்தது. "நல்ல வெயில் அடிக்குது. வாடி, சும்மா மூடைக் கெடுக்காதே."

பயந்துபோயிருக்கிறாள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று கலினா நினைத்தாள். அறைக்கு வந்த முதல் நாளே, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ரலூக்கா சொல்லியிருந்தாள். "அம்மா போன வருஷம் போயிட்டாங்க. எனக்கு அப்பா கிடையாது." அதற்கு மேல் அவள் பேசியதில்லை. இவளுக்கு ஒன்று என்றால் கேட்க யார் இருக்கிறார்கள்?

மதியம் அகலமான பழைய கோட்டைச் சுவரின் மேலிருந்த புல்வெளியில் போர்வையை விரித்து உட்கார்ந்தார்கள். இக்கேர் ரொட்டியை நறுக்கினான். தூரத்தில், ஒரு மரத்துக்குப் பின்னால் சாம்பல் தொப்பி தெரிந்தது. தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு, கலினா பாட்டிலோடு எழுந்து சுற்றிக்கொண்டு போனாள்.

"யோவ்!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் செல்போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"உன் மூஞ்சியைப் படம் எடுத்துட்டேன். இன்னும் ஒரு தடவை என் சிநேகிதி பின்னால வந்தே, இந்தப் படம் போலீஸுக்குத்தான் போகும்."

அவன் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். விரல்களெல்லாம் சுண்ணாம்பில் வெடித்துக் கிடந்தன.

"கத்தாதேம்மா, அவ திரும்பிப் பாத்துடுவா" என்றான். "நான் அவளைப் பெத்த அப்பன்."

"பொய்! அவளுக்கு அப்பாவே கிடையாது. அவளே சொன்னா."

அந்த முகம் சுருங்கிப் போனது. "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

கட்டட வேலைக்கென்று இத்தாலிக்கு வந்தபோது ரலூக்கா கைக்குழந்தை. முதலில் ஊருக்குப் பணமும் போட்டோவும் அனுப்பினார்; பிறகு இங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டது. ஊரில் மனைவி சாகக் கிடக்கிறாள் என்று தகவல் வந்தபோதும் போக முகமில்லை. இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேர்ல போய்ப் பேச வேண்டியதுதானே?"

"எந்த வாயால பேசறது? என்னைப் பாத்தா படிப்பை விட்டுட்டு ஊருக்கே ரயில் ஏறிடுவா. அவ ஃபேஸ்புக்ல போடறதைப் பாத்துட்டு வந்து, தூர நின்னு பாக்கறேன். சிரிக்கறா, சாப்பிடறா, அது போதும். இதுவரைக்கும் அவ என்னைக் கவனிக்கலை. இதையும் கெடுத்துடாதேம்மா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கலினாவுக்கு அவரைத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. சொல்ல மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். எடுத்த படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தாள்.

திரும்பி வந்தபோது பாட்டில் காலியாகவே இருந்தது. "தண்ணி எங்கே?" என்றான் இக்கேர்.

"குழாய்ல வரலை. வழியில ஒருத்தர் ஏதோ அட்ரஸ் கேட்டார், அதான் லேட்டு."

ரலூக்கா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். மடியில் ஒரு ஆரஞ்சுப் பழம் பாதி உரித்தபடி இருந்தது. மரத்தின் பக்கம் தலையைத் திருப்பாமல், கலினாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்பா சாப்பிட்டாரா?"