இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

"ரூம் இல்ல அண்ணாச்சி" என்று மூன்றாவது ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டாள் தங்கபுஷ்பம்.

மாடியில் நான்கு அறை காலியாகக் கிடந்தது. குற்றாலத்தில் நல்ல சீசன் நேரம். லாட்ஜ் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

ஆனால் இன்னும் பத்துப் பக்கம்தான் இருந்தது.

யாரோ சென்னைக்காரர் அறையில் விட்டுப்போன நாவல். பெருக்கப் போன முருகம்மாள் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். சும்மா ஒரு பக்கம் புரட்டிய தங்கபுஷ்பம் மூன்று நாளாக அதிலேயே கிடக்கிறாள்.

அருவிக்குப் பின்னால் ஓர் ஊர். அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. வீட்டைவிட்டுப் போன பெண் ஒருத்தி அங்கே மீன்களுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டு வாழ்கிறாள். வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் சாரலோடு சாரலாக வெளியே வரலாம். வந்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

தங்கபுஷ்பம் படித்து முடித்தாள். முடித்ததும் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்துக்கே திரும்பினாள்.

"ஏங்க்கா அழுதிய?" வாளியோடு வந்த முருகம்மாள் நின்றுவிட்டாள்.

"கதைதான் முருகம்மா. தங்கச்சி வந்து தட்டுதா. அக்கா ஓடிப்போயித் திறக்கா."

"நல்லதுதானக்கா. அதுக்கா அழுதிய?"

தங்கபுஷ்பம் அட்டையைத் திருப்பினாள். எழுதியவரின் பெயர் அவள் கேள்விப்படாதது. படமும் இல்லை.

அந்தப் பக்கத்தில், கதவைத் திறக்கிற அக்கா, தங்கையை ஒரு செல்லப்பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சாரக்குஞ்சு. படிக்கிறவர்கள் அதையும் கற்பனை என்றுதான் நினைப்பார்கள்.

அந்தப் பேரை வைத்தவள் தங்கபுஷ்பம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்கி நின்ற ஆறு வயதுத் தங்கைக்கு. அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து தென்காசி வீட்டு வாசலில் மழையில் நின்றாள் அந்தத் தங்கை. வெகுநேரம் தட்டினாள். அக்கா வீட்டில் இல்லை என்று நினைத்துத்தான் திரும்பிப் போயிருக்க வேண்டும். அதன்பிறகு தகவலே இல்லை.

தங்கபுஷ்பம் ஒரு தாளைக் கிழித்தாள். பதிப்பகத்தின் முகவரியைப் பார்த்து எழுதினாள். அடுத்த வரியில் 'சாரக்குஞ்சுக்கு' என்று தொடங்கினாள்.

பிறகு எழுதினாள்.

"அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன். தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னேன்."