ஒட்டாத பேர்

"மறுபடியும் உரிஞ்சு வருது பாரு!"

அசாருதீன் வாளியில் நகத்தை வைத்து இழுத்தான். பிலிம் வாழைப்பழத் தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அதில் அவன் வாப்பாவின் பேர் பளபளவென்று இருந்தது: 'அன்பளிப்பு: ஹமீது சுல்தான், தொண்டி'.

ராமநாதபுரம் பைபாஸ் ஓரத்தில் அவனுடைய பிளாஸ்டிக் கம்பெனி. வாப்பா மௌத்தாகி, அடக்கம் பண்ணி வர்ற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருசம். அன்றைக்கு மண்டபம் அகதி முகாமில் வீட்டுக்கு ஒரு வாளி கொடுப்பதாகச் சொல்லிவிட்டான்.

ஏன் வாளி? முப்பது வருசத்துக்கு முந்தி, இலங்கையிலிருந்து சனம் படகு படகாக வந்து இறங்கினபோது வாப்பா கொடுத்ததும் வாளிதான். சிவப்பு வாளி. லாரியில் அந்த அடுக்குக்கு மேல் உட்கார்ந்து போனவன் ஏழு வயசு அசாருதீன். புது பிளாஸ்டிக் வாசமும் மண்டபத்து உப்புக்காத்தும் இன்னைக்கும் மூக்கிலேயே நிற்கிறது. ஒவ்வொரு வாளியிலும் வாப்பா பேரு! என்ன பெருமை அவனுக்கு!

அடுத்த வருசமும் வாப்பா கொடுத்தார். ஆனால் அதில் பேரு இல்லை. பேரு எழுதுற பெயிண்டர் காசை வாங்கிக்கொண்டு ஏமாத்திட்டான் என்று அசாருதீன் இன்னமும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்தத் தடவை பெயிண்ட் கியிண்ட் எல்லாம் கிடையாது. அச்சடித்த பிலிமை மோல்டுக்குள் வைத்து, உருகின பிளாஸ்டிக்கை அதன் மேல் அடித்தால் இரண்டும் ஒரே உடம்பாகிவிடும். வாளி உடைந்தாலும் பேரு போகாது. சூடு மட்டும் சரியாக இருக்கணும். குறைந்தால், பிலிமைப் பிடிப்பதற்கு முன்னாடியே பிளாஸ்டிக் உறைந்துவிடும்.

"நேத்து நானே ஓட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி ஒட்டுச்சு. நீ ஓட்டுனா மட்டும் ஏன் உரியுது?"

மெஷின் ஓட்டுகிற சிவகௌரி அடுத்த வாளியை எடுத்து அடுக்கில் வைத்தாள். முகாமிலிருந்துதான் தினமும் பஸ்ஸில் வருகிறாள். ஒன்பது வருசத்தில் ஒரு வாளி கெட்டதில்லை அவள் கையில்.

அசாருதீன் மெஷின் திரையைப் பார்த்தான். நேத்து அவன் இருநூற்று முப்பது டிகிரி வைத்துவிட்டுப் போன சூடு நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

"யாரு குறைச்சது?"

"நான்தான் முதலாளி."

"தெரிஞ்சே குறைச்சியா? அடிப்பாவி! எங்க வாப்பா பேரு ஒட்டக்கூடாதுன்னு அப்படி என்ன வன்மம் உனக்கு? அவுக கொடுத்த வாளியில தண்ணி மோந்து குடிச்ச குடும்பம்தானே நீங்க!"

"ஓம், முதலாளி."

"சரி, கணக்கை முடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போ. நாளையிலருந்து வரவேணாம்."

சிவகௌரியின் கண் நிறைந்துவிட்டது. மெஷினுக்கு அடியில் குனிந்து, கழிவுத்துண்டு அள்ளுகிற வாளியை எடுத்துக் கவிழ்த்துக் கொட்டினாள். அவன் தினமும் காலால் தள்ளிவிட்டுப் போகிற பழைய வாளி.

"இது என்ர வாளி. கொண்டு போறன்."

வெளுத்துப்போன சிவப்பு. வயிற்றுப்பக்கம் முழுக்கச் சுரண்டின கோடு. எல்லாம் போய் மூலையில் 'ண்டி' மட்டும் மங்கலாக மிச்சம்.

அசாருதீன் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தான்.

"இது... வாப்பா கொடுத்த வாளியா?"

"ஓம். இதைத் தூக்கிக்கொண்டு ஊர்க்குழாயடிக்குப் போனா, 'இனாம் வாளி வந்திட்டுது, கடைசியில நில்லு' எண்டு சொல்லுவினம். எனக்கு அப்ப ஆறு வயசு. ஊரில நாலு பேருக்குக் குடுத்துப் பழகின மனுசன் எங்கட அப்பா. நான் அழுறதைப் பார்த்து அவரும் அழுவார். அந்தப் பேரை மண் போட்டுத் தேய்ச்சம், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சம். போகேல்ல. அதுதான் இந்த வாளியில எண்டாலும் பேர் முதல் கழுவலோட உரிஞ்சு போகட்டும் எண்டு..."

அசாருதீனுக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கீறல்களைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அதுக்காக எங்க வாப்பா பேரைக் கத்தியை வச்சா சுரண்டுறது? உங்க அப்பாவுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"அப்பா ரெண்டு எழுத்துத்தான் சுரண்டினவர், முதலாளி. அந்த நேரம் பார்த்து உங்கட வாப்பா முகாமுக்கு வந்திட்டார். அப்பா பயத்தில வாளியை முதுகுக்குப் பின்னால ஒளிச்சார்."

"வாப்பா பாத்துட்டாகளா? என்ன சொன்னாக?"

"ஒண்டும் சொல்லேல்ல. அப்பான்ர கையில இருந்து கத்தியை வாங்கினவர், பக்கத்தில குந்தியிருந்து மிச்ச எழுத்தையெல்லாம் அவரேதான் சுரண்டித் தந்தவர்."