நாலாவது சாரி

புகார் கேட்கும் வேலைக்கு வருபவனுக்கு மூன்று சாரி தெரிந்திருக்க வேண்டும். காதில் விழவில்லை என்றால் ஒன்று, காக்க வைத்தால் ஒன்று, எவனோ செய்த தப்புக்கு ஒன்று. மூன்றையும் நம் ஆள் தேனொழுகச் சொல்வான்.

அன்று மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு ஹெட்போனில் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அழைத்தது ஒரு பெண்.

"உங்க ஆளு நேத்து ஆறு மணிக்கு வர்றேன்னாரு. வாசலையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வரவேயில்ல."

அவன் ஓரக்கண்ணால் மேற்பார்வையாளரைப் பார்த்தான். "சா... சாரி மேடம்."

"போன் பண்ணா கட் பண்றாரு."

"ரொம்ப சாரி மேடம்."

"ஏன்னு கேட்டா, என் மேலயே எரிஞ்சு விழறாரு!"

'இன்னும் இறங்கிப் போ' என்று மேற்பார்வையாளர் சைகை காட்டினார்.

"தப்பு முழுக்க எங்க மேலதான் மேடம். இனிமே இப்படி நடக்காது. சாரி."

"இதெல்லாம் பதிவாகுதுல்ல?"

"ஆ... ஆமா மேடம்."

"சந்தோஷம்." வைத்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் அவன் முதுகில் தட்டினார். "பிரமாதம்! கடைசி சாரி அந்த மூணுலயும் சேராதே, நெஜமாவே மனசுலேருந்து வந்த மாதிரி இருந்துச்சு. எங்கய்யா கத்துக்கிட்ட?"

அவன் வாய் திறப்பதற்குள் கைபேசி ஒளிர்ந்தது. மனைவியின் செய்தி.

'காலையிலேருந்து போட்டுப் போட்டு இப்பத்தான் உங்க லைன் கிடைச்சுது. கல்யாணமாகி இதுதான் முதல் சாரி. இன்னிக்காவது ஆறு மணிக்கு வந்துடுங்க. சினிமா டிக்கெட்டை மாத்திட்டேன்.'