சித்தி என்று கூப்பிட்ட கிருமி

யாராவது வாசலில் நின்று "சித்தி" என்று கூப்பிட்டால், யாரென்று பார்க்காமல் கதவைத் திறந்துவிடுவீர்களா?

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் குடியிருந்த குடல் செல் செல்லாயி திறந்துவிடுகிற ரகம்தான். அவளுடைய அக்கம்பக்கத்துச் செல்களுக்குள் எல்லாம் டைபாய்டுக் கிருமி புகுந்து கொன்றுவிட்டது.

"பூட்டை உடைச்சிருப்பான் பாவி! எப்படி வந்தான்னு பார்த்துச் சொல்லு தம்பி" என்று மேசைக் கணினியிடம் கேட்டாள்.

கணினி கிருமியின் மரபணுவையும் செத்தவர்களின் மரபணுவையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தது.

"உடைக்கலைக்கா. உங்க சொந்தக்காரப் புரதம் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வந்து 'சித்தி'ன்னு கூப்பிட்டிருக்கான். எல்லாரும் உள்ளேயிருந்து அவங்களே தாழ்ப்பாளைத் திறந்திருக்காங்க."

செல்லாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாங்களேவா?"

"நீங்களேதான். அடுத்தது உங்க வீடுன்னு கணக்கு சொல்லுது."

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே குரல் கேட்டது.

"சித்தி! நல்லா இருக்கீங்களா சித்தி?"

வந்திருப்பது கிருமிதான் என்று செல்லாயிக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் கை தாழ்ப்பாளை நோக்கிப் போகிறது. சித்தி என்று கூப்பிட்டவனை எப்படி வாசலில் நிறுத்துவது?

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கிசுகிசுத்தாள். "நான் வீட்டில் இல்லைன்னு நீயே சொல்லி அனுப்பிடேன்."