சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம்

மெக்கானிக் வேலாயுதம் அந்தப் பழைய காரின் எஞ்சினை இறக்கி, பிரித்து மேய்ந்து, புதுசு மாதிரி கட்டி ஏற்றினார். சூடம் காட்டி, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

“அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க,” என்றது எலுமிச்சம்பழம்.

எஞ்சினுக்கு மனசு இளகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் இரண்டு தடவை இருமிவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டது. வேலாயுதம் பிளக்கை மாற்றினார்.

மறுநாளும் பழம் கெஞ்சியது. அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அதற்கடுத்த நாள் டைமிங்கைத் திருத்தினார். தன்னால் ஒரு உயிர் பிழைத்திருக்கிறது என்று எஞ்சினுக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்படியே ஒரு மாதம் ஓடியது. பழம் காய்ந்து கருங்கல்லாகிவிட்டது.

“நான் வாழ்ந்தது போதும் அண்ணே, ஏறுங்க,” என்றது ஒரு நாள் காலையில்.

எஞ்சின் உடனே உறுமிக்கொண்டு கிளம்பியது. சக்கரம் பழத்தின் மேல் ஏறப் பார்த்தது, முடியவில்லை. எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

“இழுவையே இல்லை. மறுபடியும் இறக்க வேண்டியதுதான்,” என்றார் வேலாயுதம். நசுங்காத பழத்தை எடுத்தால் சகுனம் கெட்டுவிடும் என்று அதைத் தொடாமல், பக்கத்தில் புதிதாக ஒன்றை வைத்தார்.

சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்துப் புதுப்பழம் வாயைத் திறந்தது.

“தம்பி, எஞ்சின் அண்ணன்கிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதே,” என்றது பழைய பழம். “ரொம்ப இளகின மனசு.”