கைராசிக்காரி

"பொட்டப் புள்ளைன்னா கை கூசுதாக்கும்?"

ராக்கம்மாளின் காதில் விழட்டும் என்றுதான் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி சத்தமாகக் கேட்டாள். விழுந்தது. ராக்கம்மாள் வெந்நீர்த் தவலையை அறை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

உள்ளே குழந்தையோடு படுத்திருந்த அமிர்தத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ராக்கம்மாள் அவளுடைய நாத்தனார். எடமலைப்பட்டி புதூரில் அந்தத் தெருவில் தவழ்கிறது, ஓடுகிறது, மீசை முளைத்தது எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் அவள் காலில் கிடந்து குளித்தவைதான். பச்சைப் பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தொட்டு மூக்கை நீவி, வெந்நீர் ஊற்றி, கடைசியில் மூன்று கை தண்ணீரைச் சுற்றிப் போட்டாளென்றால் பிள்ளை பாட்டுக்குத் தூங்கும். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஓடியவள், கூடப் பிறந்த தம்பியின் பிள்ளையை மட்டும் பிறந்ததிலிருந்து தொடவில்லை.

அமிர்தத்துக்குத் தாய் இல்லை. முதலில் பெற்ற இரண்டும் ஆண். இரண்டுமே எட்டாம் நாளைத் தாண்டவில்லை. தோஷம் என்றார்கள். சமயபுரத்துக்கு நடந்தாள், மாவிளக்குப் போட்டாள், சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் செய்தாள். இதுவும் போய்விட்டால் தானும் காவேரியோடு போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

"அண்ணி கைபட்டே ரெண்டும் தங்கலை. அந்தக் கையும் இல்லேன்னா இது எங்கே தங்கும் அக்கா?" என்றாள் செல்லக்கிளியிடம்.

"எல்லாம் வீம்பு. அன்னிக்கு உன் வீட்டுக்காரர் என் முன்னாடி அப்படிச் சொல்லிட்டாருல்ல?"

அமிர்தத்தின் புருஷன் ரத்தினவேலுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே முதலுதவி வகுப்புக்குப் போய்வந்த நாளாக, வீட்டில் யாராவது தும்மினால்கூடக் கட்டுத் துணியும் கையுமாக வந்து நிற்பான். போன மாசம் செல்லக்கிளி மீன் நறுக்கும்போது அரிவாள்மணையில் கையை அறுத்துக்கொண்டாள். ராக்கம்மாள் வழக்கம்போல அடுப்பிலிருந்து வரட்டிச் சாம்பலை அள்ளிக்கொண்டு ஓடினாள். ரத்தினவேல் குறுக்கே வந்து தடுத்தான்.

"பச்சைப் புண்ணுல அதை வைக்காதே அக்கா. விஷம் ஏறிடும். வாய் கட்டிக்கும், உடம்பு வில்லாட்டம் வளைஞ்சுடும். அப்புறம் ஆளு பிழைக்கிறது கஷ்டம். கொதிக்க வச்சு ஆறின தண்ணி, வெளுத்த துணி, அது போதும்."

ராக்கம்மாளின் கையிலிருந்த சாம்பல் அப்படியே தரையில் கொட்டியது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. தூக்கி வளர்த்த தம்பி அடுத்த வீட்டுக்காரி எதிரில் திருத்தினால் யாருக்குத்தான் சுருக்கென்றிருக்காது? அமிர்தமும் அப்படித்தான் நினைத்தாள்.

பிரசவத்துக்கு நர்ஸ் லூர்துராணியை அழைத்து வந்தவள் ராக்கம்மாள்தான். ஆனால் பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள். பெண் என்று தெரிந்துதான் போனாள் என்று தெரு சொன்னது. தெருவுக்கு என்ன, வாய்க்கு வரியா கட்டுகிறது?

அமிர்தமே பச்சை உடம்போடு உட்கார்ந்து வெந்நீரில் துணி நனைத்துப் பிள்ளையைத் துடைத்துவிட்டாள். பார்க்கப் பொறுக்காமல் செல்லக்கிளி புடவையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எங்கிருந்துதான் வந்தாளோ, ராக்கம்மாள் பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"நீ தொடாதே. எந்திரிச்சுப் போ."

"வைக்கப்போர் நாய்" என்று முணுமுணுத்துக்கொண்டே போன செல்லக்கிளி அப்புறம் அந்த வாசற்படி மிதிக்கவில்லை.

எட்டாம் நாள் வந்தது. அமிர்தம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பால் குடித்தது. தூங்கியது. விழித்து மறுபடியும் குடித்தது. அடுத்த நாளும் குடித்தது. அதற்கும் அடுத்த நாள் பிள்ளையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் ராக்கம்மாளின் முன்னால் நின்றாள்.

"என்மேல என்ன கோவம் இருந்தாலும் விட்டுடுங்க அண்ணி. இது தங்கிடுச்சு. பொண்ணுன்னு ஒதுக்காதீங்க. உங்க கையால மூணு கை தண்ணி சுத்திப் போடுங்க, அது போதும்."

ராக்கம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வாய் நல்லாத் திறக்குதா?"

"திறக்குது அண்ணி."

"நல்லாப் பார்த்தியா?"

"அழறப்பப் பார்த்தேனே."

ராக்கம்மாள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பெருத்த குரலெடுத்து அழுவாள் என்று அமிர்தம் பயந்தாள். அவள் அழவில்லை.

"பெரியவனுக்குத் திறக்கலை. சின்னவனுக்கும் திறக்கலை. ரெண்டு பேரும் என் கால்மேலதான் வில்லாட்டம் வளைஞ்சு கிடந்தானுங்க."

"அது தோஷம் அண்ணி. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"செல்லக்கிளியும் அன்னிக்குப் பிள்ளையைத் துடைக்க உட்கார்ந்தப்ப மடியில சாம்பல் முடிஞ்சுக்கிட்டுத்தான் வந்தா. அதான் விரட்டுனேன்."

அமிர்தத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"தம்பிக்கு வகுப்புல கை புண்ணு, கால் புண்ணு இதைத்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க. தொப்புள் அறுத்த இடமும் பச்சைப் புண்ணுதானே, அமிர்தம்? ரெண்டு பேருக்கும் அதுல சாம்பலை வச்சு அழுத்துனது இந்தக் கைதான்."