பத்து வருஷ பேட்டரி

“அப்புறம் நான் இருக்க மாட்டேன், டாக்டர். நான் இருக்கும்போதே மாத்திடணும். இந்த வாரமே முடியுமா?”

இதய மருத்துவருக்குச் சுருக்கென்றது. விமானம் ஏறுவதற்கு முன் பெற்றவளைப் பழுது பார்த்து, யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் பறக்கிற பிள்ளைகளை அவர் நிறையவே பார்த்திருக்கிறார். இவனும் அந்த ரகம்தான் போல.

எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு ஐம்பது வயதிருக்கும். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவன் போலக் காலர் தொளதொளவென்று நின்றது. பக்கத்தில் அவன் அம்மா, எண்பதை நெருங்குகிறவர், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் புதுசு வேணாம். இருக்கிறதை வெச்சே ஓட்டிக்கறேன்.”

“ஓட்டறதுக்கு இது என்ன ஸ்கூட்டராம்மா?” மகன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “டாக்டர், நீங்களே சொல்லுங்க. மாத்திரை, மெஷின்னு என்னென்னமோ வந்தாச்சே. எங்கம்மாவை நூறு வரைக்கும் கொண்டு போயிடலாம் இல்ல?”

“நூறுன்னு எந்த டாக்டராலயும் வாக்குக் கொடுக்க முடியாது,” என்றார் மருத்துவர். “வயசாகறதை நிறுத்தற மருந்து இன்னும் வரலை. வர்ற சாவைக் கொஞ்சம் தள்ளிப் போடத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனா உங்கம்மாவுக்குக் கிட்னி, மூளை எல்லாம் நல்லா இருக்கு. இதயம் மட்டும் துடிக்க மறந்துடுது. நெஞ்சுல இருக்கிற பேஸ்மேக்கர்தான் ஞாபகப்படுத்துது. பேட்டரி தீரப்போகுது, புதுசு வெச்சா பத்து வருஷம் வரும். தொண்ணூறுக்கு ஆசைப்படறதுல தப்பே இல்லை.”

“கேட்டியாம்மா?”

“தொண்ணூறு யாருக்கு வேணும்?”

“எனக்கு வேணும்!” அவன் குரல் உயர்ந்தது. “தங்கச்சி வீட்டுல எல்லாம் பேசிட்டேன். ஜன்னல் பக்கத்து ரூம் உனக்குத்தான். ஒரு குறையும் இருக்காது.”

ஏற்பாடெல்லாம் பலமாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர் மனதுக்குள் கசந்துகொண்டார். இவன் முன்னால் இந்த அம்மாவிடம் பேசிப் பயனில்லை என்று பட்டது.

“நீங்க கீழே லேப்ல ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லிட்டு வாங்க,” என்றார்.

மகன் மேஜையை ஊன்றி எழுந்து வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது.

“விட்டுட்டுப் போறார்னு கோபமாம்மா? அந்தக் கோபத்தை உங்க உயிர் மேலயா காட்டறது? பெத்தவங்களைத் தள்ளிவிட்டுட்டுக் கிளம்பறவங்களுக்கு அதெல்லாம் உறைக்காது.”

“ஐயோ, என் புள்ளையை அப்படிச் சொல்லாதீங்க. அவன் தங்கம்.”

“அப்ப ஏன் அடம் பிடிக்கறீங்க?”

அம்மா தோளுக்குக் கீழே, தோலடியில் மேடு தட்டியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இப்ப இருக்கிற பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும்?”

“மூணு மாசம் தாங்கும். அதுக்கப்புறம் எப்ப வேணும்னாலும் நிக்கலாம்.”

“மூணு மாசம் நிச்சயமா? நடுவுல நின்னு தொலைச்சிடாதே?” அதுவரை கல்லாக இருந்த முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

“நிக்காது. ஆனா…”

“அப்பச் சரி. அது போதும்.”

மருத்துவருக்குப் பொறுமை போய்விட்டது. “எதுக்கும்மா போதும்?”

அம்மா திரும்பி, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“குழாயைத் திறந்து விட்டுட்டு, பாத்ரூமுக்குள்ள நின்னு போன் பேசறான். எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு.” அவர் குரல் இறங்கியது. “அவனுக்கும் மூணு மாசம்தானாம், டாக்டர்.”